கைகால் இழுக்காமலும் ஃபிட்ஸ் வருமா?

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: ஏழு வயது மகள் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது கை அப்படியே நின்றுவிடுகிறது, கண் ஒரே இடத்தில் நிலைக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, பத்து எண்ணுவதற்குள் சரியாகிவிடுகிறாள். ஸ்கூலில் கவனம் போதவில்லை என்கிறார்கள். இது வலிப்பா?

இருக்கலாம். நீங்கள் சொல்வது, சில விநாடி மட்டும் நினைவு தப்பும் ஆப்சென்ஸ் வலிப்பு மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் பரிசோதிக்காமல் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும், 5 முதல் 15 விநாடிதான் இருக்கும், ஒரே நாளில் பல தடவை வரும், முடிந்ததும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. சும்மா யோசனையில் இருக்கிற பிள்ளையைத் தொட்டு உலுக்கினால் திரும்பிப் பார்க்கும். இதில் பார்க்காது. அதோடு இது போரடிக்கும் நேரத்தில் மட்டும் வருவதில்லை, ஓடி விளையாடும்போதும் வரும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுக்கும்போது சில நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்வார்கள், பல பிள்ளைகளுக்கு அங்கேயே வந்துவிடும்.

வெறித்துப் பார்ப்பது அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீண்டு, கூடவே வாயை மெல்லுவது, சட்டை பட்டனைத் தடவிக்கொண்டே இருப்பது, முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் குழம்பி நிற்பது என்றிருந்தால் கதை வேறு. அது மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் ஃபோக்கல் வலிப்பாக இருக்கலாம். வருவதற்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புகிறது, இல்லாத தீய்ந்த வாசனை வருகிறது என்று சிலர் சொல்வார்கள். நம் நாட்டில் பன்றி நாடாப்புழுவின் முட்டை உணவு, தண்ணீர் வழியாக உள்ளே போய் மூளையில் கட்டியாவதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம், அதனால் ஸ்கேன் கேட்பார்கள்.

இவ்வளவு பிரித்துப் பார்ப்பது எதற்கு என்றால், மாத்திரை மாறும். ஃபோக்கலுக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமசெபின் ஆப்சென்ஸை மோசமாக்கிவிடும். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்டது என்று வாங்கிக் கொடுக்காதீர்கள், ப்ளீஸ்.

வயசுப் பிள்ளைகளிடம் இன்னொன்று உண்டு. காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்து காபி டம்ளர் பறக்கும், பரீட்சைக்கு இரவெல்லாம் விழித்தால் அதிகமாகும். இது மயோக்ளோனிக், அதாவது சட்டென்று ஒரு வெட்டு வெட்டும் வலிப்பு.

விறைத்து விழுந்து, கைகால் வெட்டி, நுரை தள்ளுவது எல்லோருக்கும் தெரிந்த வகை. அப்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்பும் வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108.

உங்கள் மகளை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஒரு குழந்தை நரம்பியல் டாக்டரிடமோ காட்டுங்கள். போகும் முன் போனில் இரண்டு மூன்று தடவை வீடியோ எடுத்து வையுங்கள், முகமும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி. ஈ.ஈ.ஜி. அளவுக்கு அதுவும் உதவும். அதுவரை மொட்டை மாடி, நீச்சல் குளம், சைக்கிள் எதிலும் தனியாக விட வேண்டாம்.