செப்சிஸ் நோயாளிக்கு வைட்டமின் சி ஊசி: மருத்துவர் மறுப்பது சரியா?

கேள்வி: சிறுநீரகத் தொற்று முற்றி, செப்சிஸால் (தொற்றை எதிர்க்கும் உடலின் கட்டுமீறிய எதிர்வினையே உறுப்புகளைத் தாக்கும் நிலை) ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் என் தாயார் தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டரில் இருக்கிறார். வைட்டமின் சி, தையமின் (வைட்டமின் பி1), ஸ்டீராய்டு மூன்றையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுத்தால் இறப்பு வெகுவாகக் குறையும் என்று ஓர் ஆய்வை உறவினர் அனுப்பினார். மருத்துவரோ ஸ்டீராய்டு மட்டும் கொடுக்கிறார். அவருக்குப் புதிய ஆய்வுகள் தெரியாதா? மருந்தை வெளியே வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் பெற்றிருக்கிறார்.

பதில்: உறவினர் அனுப்பிய ஆய்வுக்குப் பின் வந்தவற்றையும் உங்கள் மருத்துவர் படித்திருக்கிறார், மறுப்புக்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். உங்கள் கைக்கு வந்தது 2017இல் தீவிர சிகிச்சை மருத்துவர் பால் மரிக்கின் குழுவினர் ஒரே மருத்துவமனையிலிருந்து வெளியிட்ட ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். மூன்று மருந்துகளையும் பெற்ற 47 பேரில் 4 பேரும், அதற்கு முந்தைய மாதங்களில் பெறாத 47 பேரில் 19 பேரும் இறந்ததாக அது கூறியது. எண்களைப் பார்த்தால் எவருக்கும் மனம் துள்ளும். ஆனால் இவ்விரு குழுவினரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற்றவர்கள் அல்லர். யாருக்கு மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவும் இல்லை. ஆகவே உயிர் பிழைத்தது மருந்தாலா, வந்து சேர்ந்த நோயாளிகளின் நிலையிலோ கவனிப்பிலோ இருந்த வேறுபாட்டாலா என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்தறிய முடியாது.

குலுக்கல் முறையில் சோதித்தபோது அந்த நன்மை நிலைக்கவில்லை. 2020இல் 216 நோயாளிகளிடம் மூன்று மருந்துகளின் கூட்டை ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தின் துணையின்றி உயிரோடிருந்த நேரத்தில் வேறுபாடு இல்லை. 2022இல் வெளியான லோவிட் ஆய்வு 872 பேரைச் சேர்த்தது. அதில் 28ஆம் நாளுக்குள் இறந்தவர்களும், அந்நாளிலும் உறுப்புச் செயலிழப்பிலிருந்து மீளாதவர்களுமாகச் சேர்ந்து, வைட்டமின் சி பெற்றோரில் 44.5 விழுக்காடு; ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத ஊசி பெற்றோரில் 38.5 விழுக்காடு. பயனில்லை என்பதோடு நிற்காமல், தீங்கு நேரலாம் என்றே இம்முடிவு எச்சரிக்கிறது. 47 பேரின் கதை வீடு வீடாகப் போய்ச் சேர்கிறது. 872 பேரின் முடிவு மருத்துவ இதழோடு நின்றுவிடுகிறது. நோயாளியின் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் மட்டும் ஒதுக்கும் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் இதில் பெரும் பங்குண்டு என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டிலிருந்து ஸ்டீராய்டை மட்டும் மருத்துவர் வைத்துக்கொண்டது முரண்பாடு அன்று. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் "பாதியை ஏற்று மீதியை மறுக்கிறாரே" என்ற ஐயம் பலரையும் அலைக்கழிக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற அந்த ஸ்டீராய்டுக்குத் தனியான சான்று உண்டு. 2018இல் வெளியான, வென்டிலேட்டரில் இருந்த சுமார் 3,800 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வில், 90 நாள் இறப்பை அது குறைக்கவில்லை. ஆயினும் அதைப் பெற்றவர்களின் ரத்த அழுத்தம் விரைவாக நிலைபெற்றது. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்தைத் தொடர்ந்து ஏற்றியும் அழுத்தம் தேறாதவர்களுக்கு மட்டுமே ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் என்ற அளவில் அது பரிந்துரைக்கப்படுகிறது. செப்சிஸ் வந்த எல்லோருக்கும் அன்று. உங்கள் தாயார் அந்த வரம்புக்குள் வருகிறார். 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு செப்சிஸ் வழிகாட்டுதல் இதே நிலைக்கு ஸ்டீராய்டைப் பரிந்துரைத்து, வைட்டமின் சி ஊசியைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஆய்வின் பெயரால் நீங்கள் கேட்க வேண்டியது வேறொன்று. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வென்டிலேட்டர் செலுத்தும் ஒவ்வொரு மூச்சின் அளவையும் பாதியாகக் குறைத்தபோது, இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 ஆகக் குறைந்தது. இது 2000ஆம் ஆண்டே 861 நோயாளிகளிடம் நிறுவப்பட்டது. இதற்கு எந்த மருந்தும் வாங்க வேண்டாம். அந்த அளவு நோயாளியின் உயரத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால் ஓர் அளவுநாடா போதும். அப்படியிருந்தும், 50 நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக்கூட மூச்சின் அளவு உரிய வரம்புக்குள் இருக்கவில்லை. விற்பதற்கு ஆள் இல்லாத சிகிச்சை பதினாறு ஆண்டுகள் கழித்தும் படுக்கையருகே வந்து சேரவில்லை என்பது எனக்கு ஆறாத கோபம். "அம்மாவின் உயரத்தை அளந்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

முன்பணம் வாங்கியவரைப் பற்றி: தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று ஆய்வுத்தாளைக் காட்டி மருந்து விற்பவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மருத்துவரின் சீட்டு இல்லாமல் எந்தக் குப்பியையும் அவர்களிடம் வாங்காதீர்கள். அதிக அளவு வைட்டமின் சி ரத்தத்தில் இருந்தால் சில வகைக் குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையை இல்லாத அளவுக்கு உயர்த்திக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உண்மையான சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். மயக்க மருந்தில் இருப்பவரிடம் அதன் அறிகுறிகூடத் தெரியாது. சிறுநீரகம் பழுதுற்றிருக்கையில் இந்த மருந்து உடலில் நீண்ட நேரம் தங்கும் என்பதால் உங்கள் தாயாருக்கு அபாயம் இன்னும் கூடுதல். எனவே, யாருடைய கையாலோ ஒரு குப்பியேனும் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தால், கூச்சப்படாமல் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு சர்க்கரையை ஆய்வகத்தில்தான் பார்ப்பார்கள்.