பழைய டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறதே, அந்த ஏர் லாக் என்பது என்ன?

டீசல் போகும் வழியில் காற்று புகுந்து தங்கிவிடுவதுதான் ஏர் லாக். பழைய எஞ்சின்களில் டீசலை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஊசி திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் லேசில் சுருங்காது, அதனால் பம்ப் தள்ளுவது அப்படியே ஊசிக்குப் போய்ச் சேரும், நடுவில் காற்று இருந்தாலோ அத்தனை தள்ளலும் அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் காற்றுதானே வரும், டீசல் குழாயிலும் அதே கதைதான்.

காற்றை வெளியேற்ற, டீசல் ஃபில்டர் மேலே இருக்கும் ஏர் ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள். நுரை நின்று, குமிழி இல்லாத டீசல் வந்த அப்புறம் இறுக்குங்கள். ஏர் லாக் திரும்பத் திரும்ப வந்தால் செப்பு வாஷரையும் வெடித்த ரப்பர் ஹோஸையும் முதலில் பாருங்கள்.

வெளியே டீசல் ஒழுகவில்லை என்பதால் லீக்கே இல்லை என்று நினைத்துப் பலர் நேராக பம்பைக் கழற்றிவிடுகிறார்கள், ஆனால் டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராமலே காற்று உள்ளே போகும்.