பிள்ளையின் காதைக் கொஞ்சம் கவனிங்க, அண்ணாச்சி

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு குடும்பம், பிள்ளையை அடுத்து என்ன செய்ய வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே பெரியப்பா. மதிப்பெண் பட்டியலைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே பெரியப்பா ஒரு போட்டோ ஆல்பத்தை மேசையில் வைத்துவிட்டார். எட்டு வயதில் அந்தப் பிள்ளை சீரியலில் நடித்தபோது எடுத்த படங்கள். ரெட்டை ஜடை, பெரிய பொட்டு, கன்னத்தில் கிளிசரின் கண்ணீர். நான்கு வருடத்தில் இரண்டு சீரியல், மூன்று சினிமாவில் சின்ன வேடம். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றதும் வளசரவாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்தார்கள். மறுபடி கூப்பிட ஆளில்லை. பிள்ளையும் வளர்ந்துவிட்டாள்.

"முகம் இன்னும் ஜனங்களுக்கு மறக்கல. இப்பவே மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போனா ஹீரோயினா போட்டுருவாவ. ஆள் பாத்து வச்சிருக்கேன்" என்றார் பெரியப்பா. போட்டோஷூட், நடிப்புப் பயிற்சி, டான்ஸ், ஜிம், வீட்டு வாடகை என்று ஒரு வருடத்துக்கு எட்டு லட்சம் கணக்கு எழுதிய தாள் ஒன்றும் கையில் இருந்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருக்கு சார். போனாலும் தப்பு, போகாட்டாலும் தப்புன்னு தோணுது."

பயப்படாதீங்க, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அந்தத் தாளைப் பார்த்ததும் ஆறுதல் சொல்லும் மனசு போய்விட்டது.

அண்ணாச்சி, பேபியாக நடித்தவள் ஹீரோயின் ஆவாள் என்பதற்கு ஸ்ரீதேவியையும் மீனாவையும் எல்லோரும் சொல்வார்கள். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் நடித்தார்கள், நமக்கு எத்தனை பெயர் ஞாபகம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதும். நடித்து முடித்து வேறு பக்கம் போனவர்களை யாரும் சொல்வதில்லை. குட்டி பத்மினி சீரியல் தயாரிப்பாளரானார். அஞ்சலி பாப்பாவாக வந்த ஷாமிலி பிறகு ஓவியத்துக்குப் போனார். கன்னத்தில் முத்தமிட்டால் படத்துக்குத் தேசிய விருது வாங்கிய கீர்த்தனா, வளர்ந்தபின் மணிரத்னத்திடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். தேசிய விருது வாங்கிய பிள்ளையே கேமராவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறாள் என்றதும் பெரியப்பா ஆல்பத்தை மூடினார்.

அதுவரை அந்தப் பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடிக்கப் பிடிக்குமா என்று கேட்டேன். "எல்லாரும் மூஞ்சியையே பாக்கது பிடிக்கல சார்." அப்போ ஷூட்டிங்கில் எதுதான் பிடித்தது? "டப்பிங் தியேட்டர்."

அப்புறம் போனை எடுத்து இயர்போனை என்னிடம் நீட்டினாள். உள்ளே நூற்றுக்கும் மேல் ஒலிப்பதிவுகள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணை யாரோ தட்டியது. குறுக்குத்துறைப் படித்துறையில் துணி துவைப்பது. தகரக் கூரையில் மழை. ஒரே திண்ணையில் இரண்டு நேரம் பதிவு செய்ததை அடுத்தடுத்துப் போட்டாள். "இது விடியக்காலை, இது மத்தியானம். மத்தியானத்துல பின்னால பக்கத்து வீட்டு ஃபேன் ஓடுது, கேக்கா?" எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவைதான் கேட்டது.

அம்மா சொன்னார்: "இதைத்தான் எப்பப் பாத்தாலும் நோண்டிக்கிட்டு இருக்கா." அந்த நோண்டலுக்கு ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, அதுவும் அரசாங்கத்திலேயே. இன்ஜினியரிங், பி.காம்., நர்சிங் பற்றியெல்லாம் தெருவுக்கு நாலு பேர் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பழைய ஆட்கள் அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்பார்கள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் ஆகியவற்றோடு ஒலிப்பதிவுக்கும் நான்கு வருட இளங்கலை காட்சிக்கலைப் பட்டம் தருகிறார்கள். ஒலிப்பதிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். இவளுக்கு இரண்டும் இருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு, விண்ணப்பத்தைத் தனியாகப் போட வேண்டும். கலை அறிவியல் கல்லூரிக்கு ஆன்லைனில் போட்டது இங்கே செல்லாது. அறிவிப்பு வந்ததைக் கவனிக்காமல் ஒரு வருடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வேலை என்ன என்று பெரியப்பா கேட்டார், நியாயமான கேள்வி. படப்பிடிப்புத் தளத்தில் நீளக் கம்பு நுனியில் பூம் மைக்கைத் தூக்கிப் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கும். அப்புறம் டப்பிங். ஃபோலி என்று ஒன்று: திரையில் படம் ஓட ஓட, நாயகியின் கொலுசு, புடவை உரசல், மேசையில் டம்ளர் வைக்கும் சத்தம் எல்லாவற்றையும் ஒரு அறைக்குள் செய்து பதிவு செய்வார்கள். அதற்கு மேல் காற்று, தெரு, பறவை என்று சூழல் ஒலியை அடுக்குவார்கள். கடைசியில் வசனம், இசை, ஒலி மூன்றையும் அளவு பார்த்துச் சேர்ப்பது மிக்சிங். தெலுங்கு, இந்தித் தொடரைத் தமிழில் போடும்போது வசனத்தை மட்டும் மாற்றி மற்ற ஒலியை அப்படியே காப்பாற்றுவதும் இவர்கள் வேலைதான். சினிமா கை கொடுக்காவிட்டால் வானொலி, விளம்பரம், வீடியோ கேம், ஆடியோ புத்தகம் என்று போக இடமுண்டு. மேலே படிக்க ஆசைப்பட்டால் புனேயில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கினால் புனலூர், அதற்கு அந்தப்பக்கம் அஞ்சல். அந்த வட்டாரத்து விளக்குப்பாறையில் பிறந்த ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர்தான். 2009-இல் ஸ்லம்டாக் மில்லியனர் படத்தின் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கினார். நம்ம அம்பாசமுத்திரத்திலிருந்து காரில் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம், அவ்வளவு பக்கம்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடம் உதவியாளர் சம்பளம்தான், ராத்திரி வேலை உண்டு, இந்தத் துறையில் பெண்கள் குறைவு. இதைப் பிள்ளையிடமே சொன்னேன். தலையாட்டினாள்.

பணத்துக்கு வருகிறேன். இதில் நான் இறங்கி வர மாட்டேன். 2017-இல் வந்த விதிப்படி, குழந்தை நடிகரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். 18 வயதானால் அது அவள் கைக்கு வரும். தயாரிப்பாளர் போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஒரு கம்பெனி போட்டிருக்கு" என்றார் அம்மா மெதுவாக. எட்டு லட்சக் கணக்கில் பாதி அந்தப் பணம்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

அண்ணாச்சி, அந்தப் பணத்தில் போட்டோஷூட் கிடையாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, ஒரே அழுகையை ஏழு டேக் அழுது பிள்ளை சம்பாதித்தது. தரமணியில் இடம் கிடைத்தால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆகட்டும், ஒரு நல்ல ரெக்கார்டரும் ஹெட்போனும் வாங்கட்டும், அதுவும் அவள் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். இன்னொரு கம்பெனி போடாமல் உங்கள் கையில் கொடுத்திருந்தால், அந்த 20 சதவீதத்தை நீங்களே கணக்குப் பார்த்து அவள் பெயரில் போடுங்கள். மூன்று மாதத்தில் சவுண்ட் இன்ஜினியர் ஆக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் அகாடமிக்கும் இதே பதில்தான். இந்த வருடம் இடம் கிடைக்கவில்லை என்றால் பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்ஸி. இயற்பியலில் சேருங்கள். மூன்று வருடம் கழித்துப் புனேக்கு எழுதலாம்.

வங்கிச் சான்றைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவும் வரட்டும், ஆல்பம் வீட்டிலேயே இருக்கட்டும்.