பச்சைப் பொய்யும் வெள்ளைப் பொய்யும்

கேள்வி: என் மகள் வேலை நேர்காணலுக்குத் தயாராகிறாள். நிறங்களையும் உணவையும் வைத்து வரும் ஆங்கில மரபுத்தொடர்கள் ஐம்பதைத் தமிழ் விளக்கத்தோடு பட்டியலிட்டுக் கொடுங்கள், மனப்பாடம் செய்துகொள்வாள். நம் தமிழில் இப்படிப்பட்ட அழகான தொடர்கள் இல்லாதது ஒரு குறைதானே?
- வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அம்மா. தமிழில் இல்லையா? நீங்கள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோது, "பச்சை உடம்பு, காற்று படக் கூடாது" என்று யாராவது அதட்டியிருப்பார்கள். கூட்டுச் சீட்டு பிடித்தவர் பணத்தோடு ஓடிப்போனால் "நம்ம தலையில மிளகாய் அரைச்சிட்டான்" என்கிறோம். தேர்வு முடிவு வருகிற அன்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இவையெல்லாம் மரபுத்தொடர் என்றே நமக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவு பழகிவிட்டது. தமிழ்ப்பள்ளியில் 'மொழியணி' என்ற பெயரில் இவற்றைத்தான் மதிப்பெண்ணுக்காக உருப்போட வைக்கிறோம். தேர்வு முடிந்த மறுநாள் பிள்ளைகள் மறந்தும் விடுகிறார்கள். உங்கள் மகளின் ஐம்பதுக்கும் அதே கதிதான். அதனால் பட்டியல் தரப்போவதில்லை.

ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு பொருள் என்று எழுதி வைத்துப் படித்தால் எங்கே போய் முட்டும் என்பதற்குப் பொய்யே சாட்சி. ஆங்கிலத்தின் 'வைட் லை' யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று சொல்லும் சின்னப் பொய். சம்பந்தி வீட்டுச் சாம்பாரில் உப்பே இல்லாதபோதும் "நல்லா இருக்கு" என்கிறோமே, அது. மலாயில் அதற்கு 'போஹோங் சூனாட்' என்று பெயர், அதில் நிறமே கிடையாது. நம்முடைய பச்சைப் பொய்யோ கொஞ்சமும் கூசாமல் சொல்கிற பொய். அதிலும் உண்மையில் நிறம் இல்லை. பச்சைத் தண்ணீரிலும் பச்சைக் குழந்தையிலும் இருக்கிற அதே பச்சைதான்: காயாதது, வேகாதது, எதுவும் கலக்காதது.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மூன்று மொழி பேசுகிறோம், மூன்றும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். போன மாதம் எங்களுக்கு வந்த ஒரு சிறுகதையில், குடித்துச் சீரழிந்து குடும்ப மானத்தை வாங்கிய மாமாவை 'அந்தக் குடும்பத்தின் பலிகடா' என்று எழுதியிருந்தார் ஒரு தம்பி. எனக்குப் புரியவே இல்லை. யாரும் அந்த மாமாவைப் பலி கொடுக்கவில்லையே! அப்புறம்தான் வழி பிடிபட்டது. 'பிளாக் ஷீப்' என்று ஆங்கிலத்தில் நினைத்திருக்கிறார். அது மலாயில் 'காம்பிங் ஹீத்தாம்' ஆகியிருக்கிறது, அதாவது கறுப்பு வெள்ளாடு. மலாயில் அதற்கு, பிறர் குற்றத்தைத் தலையில் சுமக்கிறவன் என்று பொருள். அங்கிருந்து தமிழுக்கு வந்தபோது பலிகடா! ஆங்கிலத்துச் செம்மறி குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவன். கறுப்புக் கம்பளிக்கு வேறு சாயம் ஏற்ற முடியாது, விலை குறைவு, அதனால் மேய்ப்பனுக்கு அது வேண்டாத ஆடு. இதற்குள் தமிழ்ச் செய்தித்தாள்கள் 'கறுப்பு ஆடு' என்று நேராக மொழிபெயர்த்து, கூட இருந்தே குழி பறிப்பவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டன. ஒரு நிறம், மூன்று ஆடு, மூன்று குற்றச்சாட்டு. பட்டியலில் இது ஒரே வரியில் அடங்குமா?

'வெள்ளை யானை' இதைவிட வேடிக்கை. நமக்கு வடக்கே இருக்கும் சயாமில், அதாவது தாய்லாந்தில், வெள்ளை யானை அரசருக்கே உரியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்த நாட்டுக் கொடியிலேயே அது இருந்தது. ஆனால் ஆங்கிலேயர் சொன்ன கதை வேறு: பிடிக்காத பிரபுவுக்கு அரசர் ஒரு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம். வேலை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, தீனி போட்டே பிரபு ஓட்டாண்டி ஆவாராம். நம்மிடமோ இந்திரன் ஏறுவது ஐராவதம். சுந்தரர் கயிலைக்குப் போனது வெள்ளை யானை மேல்தான். தாராசுரத்துத் தல புராணத்தில் துருவாசரின் சாபத்தால் ஐராவதம் வெண்மையை இழக்கிறது, அங்கே வழிபட்டுத்தான் அதைத் திரும்பப் பெறுகிறது. வெள்ளை போவது நமக்குச் சாபம், வெள்ளையாக இருப்பதே அவர்களுக்குச் சாபம். தண்டச்செலவுத் திட்டங்களை நாமும் இப்போது 'வெள்ளை யானை' என்று எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.

'ரெட் ஹெர்ரிங்' சுருக்கமாக: பேச்சைத் திசை திருப்பப் போடும் தூண்டில். சொல்லுக்குச் சொல் பார்த்தால் புகை போட்டுச் சிவந்த மீன், ஏறக்குறைய கருவாடு. அதன் வாசனையால் வேட்டை நாய்களைத் திசை திருப்பியதாக 1807இல் ஆங்கிலப் பத்திரிகையாளர் வில்லியம் காபெட் எழுதினார். அதற்காகத் தமிழில் 'சிவப்புக் கருவாட்டை வீசினார்' என்று எழுதிவிடாதீர்கள்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 'ஆப்பிள் ஆஃப் தி ஐ' என்பதில் ஆப்பிள் என்பது கண்ணின் கருமணி. பழைய ஆங்கிலேயர் அதை ஓர் உருண்டை என்று நினைத்திருந்தார்கள். தமிழ் பைபிளில் சங்கீதம் 17:8ஐப் பாருங்கள்: "கண்மணியைப்போல". ஆப்பிளைக் காணோம், யாரும் தேடவும் இல்லை. நம் வள்ளுவர் அந்தக் கருமணிக்குள் இருக்கும் பாவையையே எழுந்து போகச் சொன்னவராயிற்றே, காதலிக்கு இடம் போதவில்லை என்று!

சரி, மகளுக்கு வருவோம். அலுவலகத்தில் உண்மையில் காதில் விழுவது கொஞ்சம்தான். நிறுவனம் 'இன் தி ரெட்' என்றால் நஷ்டம், 'இன் தி பிளாக்' என்றால் லாபம். கணக்குப் பேரேட்டில் நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதியதால் வந்தவை. 'பிரெட் அண்ட் பட்டர்' என்றால் வயிற்றுப்பாட்டுக்கான தொழில். 'ரெட் டேப்' அரசாங்கக் கோப்புகளைக் கட்டிய சிவப்பு நாடா. அதற்கு விளக்கம் வேண்டுமென்றால் என்னைக் கேட்க வேண்டாம். இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு அடையாள அட்டையோடு வருடக்கணக்கில் படியேறி இறங்கிய பாட்டி ஒருவராவது உங்கள் தாமானில் இருப்பார்.

வெகு சுலபம் என்று பொருள்படும் 'பீஸ் ஆஃப் கேக்' மட்டும் நேர்காணலில் வேண்டாம். மலாயில் அதையே 'கச்சாங்', அதாவது கடலை, என்கிறோம். கொடுக்கப்போகிற வேலையைப் பற்றி "அதெல்லாம் கச்சாங்" என்று ஒரு பெண் சொன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவர் சம்பளத்தையும் கச்சாங் அளவுக்குத்தான் எழுதுவார்.