வாசலில் காய்ச்சல் பார்த்தால் போதுமா, மாஸ்க் வேண்டாமா?

கேள்வி: அடுத்த பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று எங்கள் அலுவலகத்தில் விதிமுறை எழுதிக்கொண்டிருக்கிறோம். வாசலில் காய்ச்சல் பார்த்தால் போதும், மாஸ்க்கால் பயனில்லை என்று ஆய்வுகளே சொல்லிவிட்டன என்கிறார்கள் சிலர். நெற்றியில் காட்டும் கருவியின் கதிர் மூளையைக் கெடுக்கும் என்கிறார் இன்னொருவர். எனக்கு ஆஸ்துமா உண்டு. மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுவது போல் இருக்கிறது. எதை நம்புவது டாக்டர்?

பதில்: கதிர் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். அந்தக் கருவி உங்கள் தலைக்குள் எதையும் செலுத்துவதில்லை. நம் தோலிலிருந்து எந்நேரமும் வெளிவரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி அளக்கிறது, அவ்வளவுதான்.

என் கவலையெல்லாம் அது தரும் பொய்யான நிம்மதியைப் பற்றித்தான். கொரோனா காலத்தில் ஒரு கட்டட வாசலில் காவலர் என் மணிக்கட்டில் கருவியைக் காட்டினார். திரையில் 93.4. நோட்டில் எழுதிக்கொண்டு, "போங்க சார்" என்றார். உடல் வெப்பம் உண்மையிலேயே 95 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போயிருந்தால் என்னை அவசர சிகிச்சைக்கு அனுப்பியிருக்க வேண்டும்! நோட்டின் அந்தப் பக்கம் முழுக்க 93, 94 என்றே இருந்தது. 98-ஐத் தொட்டவர் ஒருவருமில்லை. காவலர் மேல் தப்பில்லை. கருவி காட்டுவது தோலின் சூட்டை. வியர்வை, வெயில், ஏசி, பிடிக்கும் தூரம் எல்லாமே அதை மாற்றிவிடும். அப்படிப்பட்ட வாசலில் 101 டிகிரி காய்ச்சல்காரரும் தாராளமாக உள்ளே போகலாம்.

சரி, கருவி துல்லியமாகவே இருக்கட்டும். 2003-இல் கொரோனா வகை வைரஸால் வரும் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது நோயாளிகள் பெரும்பாலும் காய்ச்சல் வந்து பல நாள் கழித்துத்தான் அதிகமாகப் பரப்பினார்கள். அங்கே காய்ச்சல் பார்த்ததில் அர்த்தம் இருந்தது. கோவிட் அப்படி இல்லை. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். சீனாவில் 2020 தொடக்கத்தில் மருத்துவமனைக்கு வந்த 1,099 நோயாளிகளைப் பார்த்ததில், சேரும் நேரத்தில் காய்ச்சல் இருந்தவர்கள் 43.8 சதவீதம் மட்டுமே. மருத்துவமனைக்கு வருமளவு முடியாமல் போனவர்களிலேயே இந்த நிலை. போதாததற்கு, ஒரு பாரசிட்டமால் போட்டால் சில மணி நேரம் சூடு இறங்கிவிடும். சம்பளம் போய்விடுமே என்று பயப்படுகிறவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரத்தான் செய்வார். ஆகவே உங்கள் விதிமுறையில் முதல் வரியாக, காய்ச்சலோ இருமலோ இருப்பவருக்குச் சம்பளம் பிடிக்காத விடுப்பு என்று எழுதுங்கள். ஜன்னல்களைத் திறந்து வைப்பது இரண்டாவது வரி.

தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் பேசிக்கொண்டிருப்பவருக்காகத்தான் மாஸ்க். ஆய்வுகள் பயனில்லை என்று சொல்லவில்லை. டென்மார்க்கில் 2020-இல் சுமார் 6,000 பேரை வைத்து நடந்த ஆய்வில் மாஸ்க் போடச் சொன்னவர்களில் 1.8 சதவீதம், மற்றவர்களில் 2.1 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. உறுதியாக எதுவும் சொல்ல முடியாத வித்தியாசம்தான். ஆனால் சொன்னபடி முழுமையாகப் போட்டவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. போட்டவரால் பிறருக்குக் கிடைத்த பாதுகாப்பை அந்த ஆய்வு அளக்கவும் இல்லை. வங்கதேசத்தில் ஊர் ஊராக மாஸ்க் கொடுத்துப் பழக்கியபோது அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுடன் கூடிய தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் சுமார் 35 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் போடாதபோதே கிடைத்த பலன் இது.

மக்கள் குழம்பியதில் எங்கள் தரப்புக்கும் பங்குண்டு. பொதுமக்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்று ஆரம்பத்தில் சொன்னோம். உலக சுகாதார நிறுவனம் நிலைப்பாட்டை மாற்றியது 2020 ஜூன் 5 அன்று. அந்தத் தாமதத்தில் உடைந்த நம்பிக்கை இன்னும் முழுதாக ஒட்டவில்லை. மருத்துவர்களே ஏற்காத காலமும் இருந்தது. 1911-இல் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது மருத்துவர் வூ லியென்-தே துணி மாஸ்க் போடச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை மறுத்து, வெறும் முகத்துடன் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக்கில் இறந்தார்.

உங்கள் ஆஸ்துமாவுக்கு வருவோம். ஆக்சிஜனும் கரியமில வாயுவும் துணியின் இழைகளுக்கிடையே தடையில்லாமல் போய்வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாது. நீங்கள் உணர்வது சூடும் ஈரமும் சேர்ந்த புழுக்கம். என்-95 மாஸ்க்கில் மூச்சை இழுக்கச் சற்றுக் கூடுதல் முயற்சி வேண்டும், அதனால் நன்றாகப் பொருந்தும் சர்ஜிக்கல் மாஸ்க்கில் தொடங்குங்கள். ஈரமானால் மாற்றிவிடுங்கள். முதல் நாள் வீட்டிலேயே பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். வீசிங் வந்தால் ஆட்கள் இல்லாத திறந்தவெளிக்குப் போய்க் கழற்றிவிட்டு இன்ஹேலரை எடுங்கள், தயங்க வேண்டாம். மாஸ்க் போடாத நாட்களிலும் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அந்த அவசர இன்ஹேலர் தேவைப்படுகிறதா? அப்படியானால் உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை. இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.