மண்ணுக்குக் கழிவு

ஐயா, வணக்கம். மண்டபம் பக்கம் கடல்பாசியும் கருவாடும் கொள்முதல் செய்யும் சின்ன வியாபாரி நான். அமாவாசை தவறாமல் ராமேஸ்வரம் போய், அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி வருகிறேன். குடி கிடையாது. சைவம்தான். கல்லூரியில் படிக்கும் மகன், 'ஒழுங்காக வாழச் சாமி எதற்கு? இதையெல்லாம் அவர் கேட்டாரா?' என்கிறான். மனிதனிடம் கடவுள் என்னதான் எதிர்பார்க்கிறார்?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகனைத் திட்டாதீர்கள். கேள்வி கேட்கிற பிள்ளை வீட்டில் இருப்பது பாக்கியம். சாமி இல்லாமல் ஒழுங்காக வாழ முடியுமா என்றால், முடியும். அப்படி வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு அதோடு போகட்டும். சைவமாக இருந்துகொண்டு கருவாடு விற்பது பற்றியும் எனக்குப் புகார் இல்லை.

என் கண்ணில் பட்டது உங்கள் முதல் வரி. பாசி கொள்முதல் என்று எழுதிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே நீங்கள் திரும்பவில்லை. கொஞ்ச நாளாகப் பட்டினப்பாலையில் ஓர் இடத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி, 'கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது' என்கிறார் புலவர். விற்கும்போது குறைக்காதே என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வாங்கும்போது கூடுதலாக எடுத்துக்கொள்ளாததை அவர் முன்னால் வைக்கிறார். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமும் அங்கேதான் தொடங்குகிறது: வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது பைபிளின் நீதிமொழிகள். நம் கரையில் ராமேஸ்வரம் கோயில், ஏர்வாடி தர்கா, ஓரியூர் தேவாலயம் மூன்றுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து தராசில் கைவைக்கிற ஆட்கள் உண்டு.

என் அத்தை பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுத்தவள். நீங்கள் தீர்த்தமாடும் அதே அமாவாசையை ஒட்டித்தான், நீர் வற்றுவதைப் பார்த்து அவளும் கடலில் இறங்குவாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பாள். கரையில் காயப்போட்டு, மண் போக உதறிச் சாக்கில் கட்டுவாள். பாசி வாங்கும் ஏஜென்ட் அந்தச் சாக்கைப் பிரிக்கவே மாட்டார். தராசில் மாட்டுவார், 'மண்ணுக்கு, ஈரத்துக்கு' என்று சொல்லி எடையில் கழிப்பார். முன்பணம் வாங்கியவள் வேறு எங்கே போவாள்? ஊரில் அவருக்கு நல்லவர் என்று பெயர். திருவிழாவுக்கு சீரியல் பல்பு அவர் உபயம்.

எப்படியும் கழிக்கத்தானே போகிறான் என்று பெண்கள் மெல்ல உதறுவதை விட்டார்கள். சிலர் சாக்கைக் கட்டும் முன் கடல்தண்ணீர் தெளித்தார்கள். 'இவளுகளை நம்ப முடியுமா?' என்று ஏஜென்ட் கழிவைக் கூட்டினார். அத்தை மட்டும் உதறிக்கொண்டே இருந்தாள். 'பைத்தியக்காரி, நீ உதறின மண்ணுக்கும் சேர்த்துத்தான்டி அவன் கழிக்கிறான்' என்று மாமா கத்துவார்.

கழித்த பாசி போனால் போகட்டும். ஒரு தெருப் பெண்களையே தண்ணீர் தெளிக்கப் பழக்கினாரே, அது யார் கணக்கில் ஏறும்? அந்தப் பெண்கள் கணக்கிலா? எனக்குத் தெரிந்த எந்தச் சாமியும் அப்படி எழுதாது. நீங்கள் போட்ட பட்டியலைத் திரும்பப் படியுங்கள். குளிப்பது, குடிக்காதது, தின்னாதது, எல்லாமே உங்கள் உடம்போடு முடிகிற காரியம். சாக்கைச் சுமந்துகொண்டு உங்களிடம் வருகிற ஒருத்திகூட அதில் இல்லை. கடவுளிடம் கணக்குக் காட்டும்போது கடையை மட்டும் மறைத்துவைத்தால் எப்படி?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சரியாக நிறுப்பவராகவே இருக்கலாம். தீர்த்தமாடப் போங்கள், நானும் போகிறவன்தான். ஆனால் சாக்கைப் பிரித்துப் பார்த்துத்தான் கழிக்கிறீர்களா, முன்பணம் வாங்கியவளுக்கும் வாங்காதவளுக்கும் ஒரே விலைதானா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதற்குள் மகனை ஒருநாள் நிறுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே அவன் என்ன கேட்டான் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.