டயல் பளிச்சென்று இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்

கேள்வி: 1960-களின் நடுவில் வந்த ஒமேகா சீமாஸ்டர் ஆட்டோமேட்டிக் எஃகு வாட்ச் ஒன்று எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. "எல்லாமே ஒரிஜினல்" என்கிறார் விற்பவர். இதே மாடலில் நல்ல பீஸ்கள் ஏலத்தில் போன விலையையே கேட்கிறார். வெள்ளி நிற டயலில் ஒரு புள்ளி, கறை கிடையாது. கேஸில் மட்டும் நிறையக் கீறல். முட்களில் ஒளிரும் பூச்சு பழுப்பேறித் தெரிகிறது, டயலில் ஒளிரும் புள்ளி எதுவும் இல்லை. பின்மூடிக்குள் 166.010 என்றும், மெஷினில் 565 என்றும், 24-ல் தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்கின்றன. பத்து வருடம் வைத்திருந்து விற்கலாம் என்று நினைக்கிறேன். சேமிப்பில் ஒரு பகுதியை இதில் போடலாமா?

பதில்: இந்த விலைக்கு வேண்டாம். டயல் அசல்தான் என்று நிரூபணமானால் பேசலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது மறுபூச்சு செய்த டயலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் நல்ல செய்தி. 565 என்ற மெஷின் 1966 வாக்கில் வந்தது. 24-ல் தொடங்கும் வரிசை எண்ணும் அதே காலத்தைச் சேர்ந்தது. 166.010 கேஸும் அந்த மெஷினுக்கு ஒத்துவருகிறது. ஆக, மெஷினும் கேஸும் ஒன்றாகவே பிறந்தவை என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்னச் சோதனை: 565-ல் சாவியை முழுதாக வெளியே இழுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி ஒன்று தாவ வேண்டும். இதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாவவில்லை என்றால் தேதிப் பகுதி பழுதாகியிருக்கும், அல்லது வேறு மெஷினின் பாகம் உள்ளே வந்திருக்கும்.

ஆனால் பழைய வாட்ச்சின் விலையைத் தாங்கி நிற்பது மெஷின் அல்ல, டயல். மெஷின் பாகங்களைத் தேடிப்பிடித்து மாற்றிவிடலாம். பூசி அழித்த டயலை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதனால்தான் வீடு வாங்குகிறவர் மூலப்பத்திரத்தைப் படிப்பதுபோல டயலை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

10 மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸில் பார்த்தால் என்ன தெரியும்? தொழிற்சாலை அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், மை ஒரே கனத்தில் படிந்திருக்கும். மறுபூச்சில் எழுத்து சற்றுத் தடித்து, வளைவுகளில் மை திரண்டிருக்கும், எழுத்துகளின் இடைவெளி ஒரே சீராக இராது. நிமிடக் கோடுகள் ஒட்டுவைத்த மணிக்குறிகளின் நடுவே வராமல் விலகும். குறிகளின் அடியைச் சுற்றிப் பூச்சு மேடுகட்டி நிற்கும். 6 மணிக்குக் கீழே 'ஸ்விஸ் மேட்' என்பது விடுபட்டிருக்கும், அல்லது இடம் மாறி மேலேறியிருக்கும். டயலின் விளிம்பில் அரை வட்டமாகச் சின்ன வெட்டு தெரிந்தால் மேற்கொண்டு விவாதமே வேண்டாம். மறு அச்சுக்காகத் தட்டில் நேராக நிறுத்த வெட்டியதாகவே பெரும்பாலும் இருக்கும். அது கேஸ் ஓரத்தில் மறைந்துவிடும் என்பதால் டயலை வெளியே எடுத்துப் படம் கேளுங்கள்.

உங்கள் வாட்ச்சில் என்னை உறுத்துவது ஒளிரும் பூச்சு. முட்களில் பூச்சு இருந்தால் டயலிலும் மணிக்குறிகளின் முனையில் சிறு புள்ளிகள் இருப்பது இந்தக் காலத்து வாட்ச்சுகளில் இயல்பு. இங்கே ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை. அப்படியானால் மறுபூச்சில் புள்ளிகள் அழிந்திருக்க வேண்டும், இல்லையேல் முட்கள் வேறொரு வாட்ச்சிலிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் "எல்லாமே ஒரிஜினல்" என்ற பேச்சு நிற்காது. முட்களின் நீளத்தையும் பாருங்கள். நிமிட முள் நிமிடக் கோட்டுத் தடத்தைத் தொட வேண்டும், மணி முள் மணிக்குறியின் உள்முனை வரை வர வேண்டும். குட்டையாக நின்றால் அது வேறு வாட்ச்சின் முள்.

அந்தப் பூச்சு பழையதுதானா என்றும் சோதிக்கலாம். பூச்சை ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருளாக 1960-களில் ரேடியம் போய் டிரிட்டியம் வந்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. சுமார் 60 ஆண்டில் ஐந்து முறை பாதியானால் மிஞ்சுவது முப்பதில் ஒரு பங்கு. பூச்சின் ஒளிரும் பொருளும் இத்தனை காலத்தில் சிதைந்திருக்கும். ஆகவே புற ஊதா டார்ச்சைக் காட்டி எடுத்ததும் பழைய பூச்சு சில விநாடிகளில் மங்கிவிட வேண்டும். நிமிடக்கணக்கில் பிரகாசித்தால் அது 1990-களுக்குப் பிறகு பரவிய புதுவகைப் பூச்சு. ரேடியமாக இருந்தால் அதன் கதிர்வீச்சு இன்னும் பெரிதாகக் குறையவில்லை. பின்மூடியை நீங்களே திறந்து சுரண்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

கேஸில் கீறல் இருப்பது குறையே அல்ல, எனக்கு அது ஆறுதல்தான். லக் என்கிற, பட்டை மாட்டும் காதுகளின் விளிம்பு கூராக இருக்கிறதா, நான்கும் ஒரே தடிமனா என்று பாருங்கள். பாலிஷ் சக்கரத்தில் உருண்டு தேய்ந்துபோன கேஸ் பளபளக்கும், ஆனால் உலோகம் போனது போனதுதான். பிளாஸ்டிக் கண்ணாடியின் நடுவில் லென்ஸ் வைத்தால் மிகச் சிறிய ஒமேகா குறி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பயப்படாதீர்கள். கண்ணாடியும் சாவியும் தேய்ந்து மாறுகிற பொருள்கள், விலையில் சிறிதளவே பாதிப்பு.

"நன்றாக ஓடுகிறது" என்பதை அசலுக்கான ஆதாரமாக எடுக்காதீர்கள். ஓட்டம் பராமரிப்புச் செலவை மட்டும்தான் சொல்லும். வாட்ச்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் மணிக்கு 19,800 துடிப்பு, லிஃப்ட் ஆங்கிள் (வீச்சைக் கணக்கிட மெஷினுக்கு ஏற்பக் கொடுக்கும் கோணம்) 49 டிகிரி என்று அமைத்து அளக்கச் சொல்லுங்கள். கருவியின் வழக்கமான 52-லேயே விட்டால் வீச்சு, அதாவது உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஆடும் அளவு, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். முழுச்சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கி இருக்கையில் 250 டிகிரிக்கு மேல் வீச்சும், 1 மில்லி விநாடிக்குள் துடிப்புப் பிழையும் (டிக், டாக் இரண்டின் இடைவெளியில் உள்ள வித்தியாசம்) வந்தால் போதும். 220-க்குக் கீழே என்றால் முழு சர்வீஸ் செலவை இன்றே விலையில் கழியுங்கள்.

நிபுணர் பார்த்தார், பெரிய இடத்தில் விற்றது என்ற பேச்சையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனத்தின் ஏலத்தில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. அது பல வாட்ச்சுகளின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று 2023-ல் தெரியவந்தது. பாகங்கள் பெரும்பாலும் அசல்தான், ஆனால் அவை ஒரே வாட்ச்சில் பிறந்தவை அல்ல.

இப்போது பணக் கணக்கு. வாங்கும் விலை 100, சர்வீஸ் 15, விற்கும்போது கமிஷன் 15 சதவீதம் என்று வையுங்கள். போட்ட 115 திரும்பி வர வேண்டுமானால் வாட்ச் 135-க்கு மேல் விலைபோக வேண்டும். அதாவது வருடம் சுமார் 3 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. விலைவாசி உயர்வை இதில் சேர்க்கவே இல்லை. இடையில் வட்டியோ ஈவுத்தொகையோ வராது. அவசரத்துக்கு ஒரே நாளில் விற்கவும் முடியாது. அசல் டயல் உள்ள வாட்ச்சுக்கே நிலைமை இது. மறுபூச்சு டயலுக்கு சேகரிப்பாளர்கள் கூட்டம் விலகிவிடும், விலையைத் தூக்கிவிட ஆள் இருக்காது. எனவே இதில் போடுவது கடனாகவோ அவசர நிதியாகவோ இருக்கக் கூடாது. சேமிப்பில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து.

விற்பவரிடம் டயலின் முன்புறம், பின்புறம், விளிம்பு, பின்மூடியின் உட்புறம், மெஷின், லக்குகளின் பக்கவாட்டு என்று நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேளுங்கள். கேட்கும் விலைகளை ஒதுக்கிவிட்டு, மறுபூச்சு டயலுடன் இதே மாடல் உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைத் தேடுங்கள். அதை உச்சவரம்பாக வைத்துப் பேசுங்கள். அந்த விலைக்குக் கிடைத்தால் ஆசைக்குக் கையில் கட்ட வாங்குங்கள், முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். அவர் அசல் என்றே சாதித்தால் "டயல், முட்கள், கேஸ், மெஷின் அசல், மாறாக இருந்தால் 14 நாளில் முழுப்பணம் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் விட்டுவிடுங்கள். வாங்கிவிட்டால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் தொட வேண்டாம், கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.